பெட்டிக்குள் போன வரி

என் பெயரை அச்சில் பார்க்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது ஒரே ஒரு தடவை. என் மகளின் கல்யாணப் பத்திரிகையில். அதற்கு முன்னால் அப்படி ஓர் ஆசை வந்ததில்லை. அதற்குப் பிறகு வர விட்டதில்லை.

நான் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் போனேன். பஸ் போர்டு வாசிப்பேன். பூ மார்க்கெட்டில் கமிஷன் கடைக்காரன் சீட்டில் என்ன எடை எழுதியிருக்கிறான் என்று வாசிப்பேன். எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனாலும் முழுசாக வாசிக்காமல் சீட்டைக் கீழே வைக்க மாட்டேன். எங்கேயும் கைநாட்டு வைத்தது கிடையாது, கையெழுத்துத்தான். இதை எழுதுவதும் அதே வேகத்தில்தான் நடக்கிறது. வாசிக்கிறவர்கள் செத்த நேரம் பொறுத்துக்கொள்ளட்டும்.

தாடிக்கொம்புக்குப் பக்கத்தில் எங்களுக்குக் கொஞ்சம் நிலம். வரப்போரம் தென்னை, நடுவில் மல்லிகை, தண்ணீர் குறைந்த வருஷங்களில் கோழிக்கொண்டை. என் புருசன் இறந்தபோது மகள் நாலாம் வகுப்பு. அதற்கப்புறம் பூப் பறித்ததும், மூட்டையைத் திண்டுக்கல் பஸ்ஸில் ஏற்றியதும், அதற்காகக் கண்டக்டரோடு சண்டை போட்டதும், திரும்பி வந்து தண்ணீர் பாய்ச்சியதும் நான்தான். அவளைக் காலேஜுக்கு அனுப்பினேன். மாப்பிள்ளையும் நான் பார்த்ததுதான். மார்க்கெட்டில் என்னிடம் வழக்கமாகப் பூ வாங்கும் ஒரு அம்மாள் சொன்ன சம்பந்தம். இதையெல்லாம் பெருமைக்குத்தான் சொல்கிறேன். பெருமைப்பட எனக்கு வேறு என்ன இருக்கிறது?

தொண்ணூறுகளின் கடைசி அது. எங்கள் பக்கத்துப் பத்திரிகை வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். தகப்பன் இல்லாத பெண் என்றால், பெரியப்பாவும் பெரியம்மாவும் அழைக்கிற மாதிரிதான் பத்திரிகை அடிப்பார்கள். தகப்பன் பெயர் தெய்வத்திரு என்ற அடைமொழியோடு பெண்ணின் பெயருக்கு மேலே வரும். செத்தவருக்கு இடம் உண்டு. பெற்றவள் உயிரோடு இருந்தாலும் அவள் பெயர் வராது. தாலி அறுத்தவள் பெயரில் நல்ல காரியத்துக்கு அழைப்புப் போகக் கூடாது என்பார்கள்.

என் புருசனின் அண்ணன் சித்தையன்கோட்டையில் இருந்தார். நெல் வயலும் ஓர் உரக்கடையும் உண்டு. பத்திரிகை வாசகம் எழுத அவரும் அவர் மனைவியும் வந்திருந்தபோது நான் காப்பியை வைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

"மாமா, பத்திரிகையில எம் பேரும் வரணும்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மனைவியைப் பார்த்தார். "என்னடி சொல்றா இவ?"

"எதுக்குத்தா ஒனக்கு இது?" என்றார் என் ஓரகத்தி. அவரை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். "ஊரு என்ன பேசும்?"

"ஊரா வந்து பூப் பறிச்சுச்சு, அக்கா?"

காப்பியில் ஆடை படிந்தது. கடைசியில் புருசனின் அண்ணன்தான் சொன்னார்: "போட்டுத் தொலையட்டும். ஆனா கடைசியில வரட்டும். எல்லாப் பேருக்கும் கீழ. எனக்கு மேல வரப்படாது, ஆமா."

கடைசியில் வந்தால் என்ன? வந்தால் போதும். சரி என்றேன்.

அப்போதுதான் அச்சுக்கோக்கிற வேலையெல்லாம் கம்ப்யூட்டருக்குப் போயிருந்தது. பிரஸ்காரர், "டி.டி.பி. பண்ணி டிரேசிங் பேப்பர்ல எடுத்துட்டு வாங்க, நான் ஓட்டித் தாரேன்" என்று அனுப்பிவிட்டார். திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் அந்த இடம் இருந்தது. ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஒரு ஃபேன். ஃபேன் கம்ப்யூட்டரைப் பார்த்துத்தான் ஓடும், மனுசரைப் பார்த்து அல்ல. அங்கே வேலை பார்த்தவள் வேதக்காரப் பெண். முப்பத்தைந்து வயதிருக்கும். கம்ப்யூட்டர் தலையில் மாதா படம் ஒட்டியிருந்தாள். வாய் கொஞ்சம் நீளம். அதனாலேயே எனக்குப் பிடித்தது.

அட்டையை ஆல்பத்தில் பார்த்து என் மகள் தேர்ந்தெடுத்திருந்தாள். மேலே பிள்ளையார், சுற்றிலும் மாவிலைத் தோரணம் போட்ட கரை. பிள்ளையாரும் கரையும் ஏற்கெனவே அச்சாகி வருகிறவை. நம்முடைய எழுத்து நடுவில் இருக்கும் வெள்ளைக்குள்தான் விழ வேண்டும். கரையின் மேல் ஏறினால் அசிங்கம்.

முதல் புரூஃபை அந்தக் கம்ப்யூட்டர் பெண் நீட்டியபோது அண்ணனும் ஓரகத்தியும் நானும் மேசையைச் சுற்றி நின்றோம்.

"இதென்ன, நம்ம ஊருக்கு நடுவுல ஒரு குச்சி?" என்றார் ஓரகத்தி. சித்தையன்கோட்டை வரி முடிவில் பாதியாக உடைந்து, ஒரு சின்னக் கோட்டோடு அடுத்த வரிக்குப் போயிருந்தது.

"அது இங்கிலீஷுக்கு வச்ச பழக்கம்மா. வார்த்தை நீளமா இருந்தா ஒடச்சுப் போடும். தமிழையும் அப்படியே ஒடைக்குது. நிப்பாட்டிட்டேன், இந்தாங்க."

நிப்பாட்டினாள். ஊர் முழுசாக அடுத்த வரிக்கு இறங்கியது. மேல் வரியில் மிச்சமிருந்த சொற்கள் கரைக்குக் கரை இழுபட்டு, பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள் கல்யாண வீட்டில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஆளுக்கொரு மூலையில் நின்றன. அதையும் சரிசெய்தாள். எல்லா வரிகளையும் நடுவாக்கினாள்.

அடுத்தது அண்ணன் முறை. அவருடைய இனிஷியல் ஒரு வரியின் கடைசியிலும் பெயர் அடுத்த வரியின் தொடக்கத்திலும் இருந்தன.

"ஏம்மா, எந் தலைய ஒரு எடத்துல போட்டு முண்டத்த ஒரு எடத்துல போட்ருக்க?"

"ஒட்ட வச்சிருவோம்யா. ரெண்டுக்கும் நடுவுல ஒடையாத இடைவெளின்னு ஒண்ணு இருக்கு. அதைப் போட்டா நீங்க எங்க போனாலும் இனிஷியல் கூடவே வரும்."

"அந்த வசதி மனுசருக்கு இருந்தா எம்புட்டு நல்லாருக்கும்" என்றார் ஓரகத்தி. அவர் மகன் ஒருவன் கோயம்புத்தூரில் தனிக்குடித்தனம் போயிருந்த நேரம் அது.

அவர்கள் சிரித்தார்கள். நான் புரூஃபை வாங்கி எழுத்துக் கூட்டி வாசித்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து கீழே வந்தேன். அண்ணன், ஓரகத்தி, அவர்கள் மகன்கள், மருமகன்கள் பட்டங்களோடு. அப்புறம் கரையின் மாவிலை.

"எம் பேரு எங்க?"

அந்தப் பெண் திரையைப் பார்த்தாள். "இருக்கேம்மா, அடிச்சேனே." பிறகு விரலால் தொட்டுக் காட்டினாள். எழுத்துக்கெல்லாம் கீழே ஒரு கோடு, கோட்டின் நடுவில் சின்னதாகச் சிவப்பு முக்கோணம். "இந்தச் செவப்பு தெரியுதா? இது வந்தா, பெட்டி பத்தல, இன்னும் எழுத்து உள்ள இருக்குன்னு அர்த்தம். பாருங்க." மவுசால் அந்தக் கோட்டைப் பிடித்துக் கீழே இழுத்தாள். என் பெயர் வந்தது.

கருப்பாக, தெளிவாக. பிழையில்லாமல். நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் கையெழுத்தை விட்டால், ரேஷன் கார்டில் கிளார்க் பேனாவால் கிறுக்கியதுதான் அதுவரைக்கும் நான் பார்த்த என் பெயர்.

ஆனால் அது சரியாக மாவிலைக் கரையின் மேல் உட்கார்ந்திருந்தது. கரைக்குள் கொண்டு வர வேண்டுமென்றால் மேலே இடம் பண்ண வேண்டும். வரிகளுக்கு நடுவே இருந்த இடைவெளியைக் குறைத்தாள். மேல் வரியின் காலெல்லாம் கீழ் வரியின் கொண்டையில் இடித்தது. வாசிக்க முடியவில்லை. திரும்ப விரித்தாள். எழுத்தைச் சின்னதாக்கினாள்.

"எம் பேரு சிறுசா இருக்கப்படாது" என்றார் அண்ணன்.

"எல்லாருக்கும் ஒரே அளவுதான்யா. ஒங்களுக்கு மட்டும் குறைக்கல."

"அப்ப மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பேரு?"

"அதுவும் குறையுது."

"அது குறைஞ்சா வம்பு வந்துரும், அப்படியே விடு."

இப்படி ஒன்றைப் பிடித்தால் ஒன்று வழுக்கியது. நடுவில் கரண்ட் போனது. வந்தபோது கடைசியாகச் செய்த திருத்தங்கள் இல்லை. அந்தப் பெண் மாதா படத்தைப் பார்த்து ஏதோ முணுமுணுத்துவிட்டு மறுபடி தொடங்கினாள். கடைசியில் வழி கண்டுபிடித்தது அவள்தான். அண்ணனின் மகன்கள் ஆளுக்கொரு வரியில் இருந்தார்கள். அவர்களை ஒரே வரியில் சேர்த்தால் ஒரு வரி மிச்சம். அண்ணன் முகம் சுளித்தார். "ஒரே வீட்டுலதான் சேர மாட்டேங்கிறாய்ங்க, பத்திரிகையிலயாவது சேந்து இருக்கட்டும்" என்று ஓரகத்தி சொல்லிவிட்டார். அன்றைக்கு அவர் எனக்காகச் சொன்ன ஒரே சொல் அதுதான். அதுவும் எனக்காகச் சொன்னதில்லை.

வரிகள் மேலே ஏறின. என் பெயர் கரைக்குச் சற்று மேலே, வெள்ளையில் வந்து நின்றது. சிவப்பு முக்கோணம் போய்விட்டது.

"பெட்டிய இத்தோட நிப்பாட்டிட்டேன். இனிமே கரை மேல ஏறாது" என்றாள் அந்தப் பெண். "வாசிச்சுப் பாத்துட்டு யாராச்சும் ஒரு கையெழுத்துப் போடுங்க."

அண்ணன் சட்டைப்பையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தார். நான் பேனாவை வாங்கிப் போட்டுவிட்டேன். அன்று பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. ஊர் வரும் வரைக்கும் யாரோடும் பேசவில்லை. பேசினால் சொல்லிவிடுவேன் என்று இருந்தது.

பத்திரிகைக் கட்டு ஒரு நல்ல நாளில் வீட்டுக்கு வந்தது. அண்ணனே பிரஸ்ஸிலிருந்து எடுத்து வந்தார். கட்டைப் பிரித்ததும் நாலு மூலையிலும் மஞ்சள் தடவ வேண்டும். முதல் பத்திரிகை சாமிக்குப் போக வேண்டும். மஞ்சள் தடவுகிறது சுமங்கலிகள் செய்கிற வேலை. நான் அந்த இடத்தில் நிற்கக் கூடாது. நிற்கவும் இல்லை. யாரும் சொல்வதற்கு முன்னால் நானே கொல்லைப்பக்கம் போய்விட்டேன். போகச் சொன்னார்கள் என்று பேர் வரக் கூடாதில்லையா. அங்கே நின்றபடி ஓரகத்தியும் சொந்தக்காரப் பெண்களும் சிரித்துப் பேசி மஞ்சள் தடவுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஒருத்தி, "அடி இம்புட்டா பூசுவாக? எழுத்து அழிஞ்சுரப்போகுது" என்றாள். முதல் பத்திரிகையோடு அண்ணன் பெருமாள் கோயிலுக்குக் கிளம்பிப் போனார். எல்லாம் முடிந்த பிறகு என் மகள் ஒன்றைக் கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள்.

எழுத்துக் கூட்டி வாசித்தேன். அவசரமில்லாமல் மேலிருந்துதான் வந்தேன். மகன்கள் இரண்டு பேரும் ஒரே வரியில் இல்லை. ஆளுக்கொரு வரியில் இருந்தார்கள். அதற்குக் கீழே மருமகன்கள். அதற்குக் கீழே மாவிலை.

அண்ணன் கோயிலிலிருந்து வந்ததும் கேட்டேன்.

"மகன் போன்ல சத்தம் போட்டான். என்னைய அவனோட ஒண்ணாப் போடாதன்னுட்டான். போயித் தனித்தனியாப் போடச் சொன்னேன். அம்புட்டுத்தான் சொன்னேன். ஒம் பேர எடுக்கச் சொல்லலையே."

"எடுக்கச் சொல்லல. சரி. வந்துச்சான்னு பாத்தீகளா மாமா?"

"எம் பேரு வந்துச்சான்னு பாத்தேன்" என்றார். பொய் சொல்கிற முகம் இல்லை அது. தெரிந்தே விட்டாரா என்று இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் என்ன செய்ய?

"வேற அடிச்சுருவோம்" என்றேன்.

ஓரகத்தி எழுந்துவிட்டார். "என்னத்தா பேசுற? மஞ்சத் தொட்ட பத்திரிகையக் கிழிக்கிறதா? சாமிகிட்ட ஒண்ணு போயிருச்சு. அது ஒண்ணு, இது ஒண்ணாவா? நாளைக்குப் பிள்ளைக்கு ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

என் மகள் கதவோரம் நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தில் பயத்தைப் பார்த்தேன். படித்த பெண்தான். ஆனாலும் கல்யாணத்துக்கு நிற்கிற பெண். எனக்கு மட்டும் பயம் இல்லையா? இருந்தது. அதனால் கிழிப்பதைப் பற்றி அப்புறம் நான் வாயைத் திறக்கவில்லை.

ஆனால் கிழிக்கத்தான் கூடாது, சேர்க்கலாம் அல்லவா? மறுநாள் பூவைப் போட்டுவிட்டு நேராக மாடி ஏறினேன்.

அந்தப் பெண் விஷயத்தைக் கேட்டதும் ஃபைலைத் திறந்தாள். திறந்தவள் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தாள். எனக்கும் இப்போது தெரிந்திருந்தது எங்கே பார்க்க வேண்டும் என்று. கீழ்க்கோட்டில் சிவப்பு முக்கோணம்.

"அம்மா, ஒங்க பேர எடுக்கச் சொல்லி யாரும் சொல்லலை. நானும் எடுக்கலை. அந்த ஐயா வந்து நின்னுக்கிட்டு அவசரம், முகூர்த்த நேரத்துக்குள்ள எடுக்கணும்னாரு. ரெண்டு பேரையும் பிரிச்சேன், பிரின்ட் குடுத்தேன். கீழ பாக்கலை." கோட்டைப் பிடித்து இழுத்தாள். என் பெயர் வந்தது. "உள்ளதான் இருக்கு பாருங்க."

"உள்ள இருந்து என்னத்துக்கு ஆகும், தாயி?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. "அழுகாத. வேலையப் பாரு. இந்த ஒரு வரிய மட்டும் தனியா அடிச்சு, அச்சான பத்திரிகை மேல திரும்ப ஓட்ட முடியுமா?" என்றேன்.

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். முடியும் என்று தோன்றியிருக்க வேண்டும். எல்லா எழுத்தையும் வெள்ளையாக்கி, என் வரியை மட்டும் கருப்பாக வைத்தாள். ஸ்கேலால் பத்திரிகையை அளந்தாள். கடைசி வரிக்கும் மாவிலைக்கும் நடுவே ஒரு வரி நுழைகிற அளவுக்கு இடமே இல்லை. என் பெயரைச் சின்னதாக்கினாள். இன்னும் சின்னதாக்கினாள். கம்ப்யூட்டரில் அது எறும்பு வரிசை மாதிரி ஒழுங்காக உட்கார்ந்தது. டிரேசிங் எடுத்துக்கொண்டு இரண்டு பேரும் பிரஸ்ஸுக்குப் போனோம். அவள் கடையைப் பூட்டிவிட்டே வந்தாள்.

பிரஸ்காரர் மஞ்சள் படாத கழிவு அட்டைகளை மிஷினில் கொடுத்தார். முதல் அட்டையில் என் பெயர் மாவிலையின் நரம்பின் மேல் விழுந்தது. இரண்டாவதில் மருமகனின் பட்டத்தின் மேல் ஏறியது. அடுத்ததில் சாய்ந்து நின்றது. அவர் மிஷினை முடுக்கினார், தளர்த்தினார். "மடிச்ச அட்டைம்மா. ஒண்ணு போற மாதிரி ஒண்ணு போகாது. ஒரு நூல் தள்ளினாலும் இப்படித்தான் வரும். இத்தனை நெருக்கத்துல ஒக்கார வைக்க முடியாது" என்றார்.

"சின்னச் சீட்டா அடிச்சு ஒட்டிக் குடுத்துரட்டுமா?" என்று அந்தப் பெண் மெதுவாகக் கேட்டாள்.

மண்டபம் மாறினால் சீட்டு ஒட்டுவார்கள். தேதி மாறினால் ஒட்டுவார்கள். பெற்ற தாயை ஒட்டுவார்களா? வேண்டாம் என்றேன். கழிவு அட்டைகள் மிஷின் பக்கத்தில் கிடந்தன, என் பெயர் கோணல் கோணலாக. பிரஸ்காரர் அதைக் கசக்கி மையைத் துடைத்தார். வேறு எதற்காகவும் இல்லை, கையில் கிடைத்த காகிதம் அது.

தாம்பாளத்தில் குங்குமத்தோடு வைத்துக் கொடுக்கிற வீடுகளுக்கு அண்ணனும் ஓரகத்தியும் போனார்கள். பையில் எடுத்துப் போய்க் கொடுக்கிற இடங்கள் என் பங்கு. மார்க்கெட், என் பிறந்த ஊர்ப் பக்கம், செம்பட்டியில் என்னோடு சின்ன வயதில் களை எடுத்தவர்கள், பஸ்ஸில் பழகியவர்கள்.

ஒரு பதிலைத் தயார் பண்ணி வைத்திருந்தேன். "ஒம் பேரு எங்கத்தா?" என்று எவராவது கேட்பார்கள். கேட்டால் என்ன சொல்வது என்று பஸ்ஸில் போகும்போதே யோசித்து, வார்த்தையை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்திருந்தேன். அண்ணனையும் விட்டுக்கொடுக்கக் கூடாது, அந்தப் பெண்ணின் பிழைப்பிலும் மண் விழக் கூடாது, என் மானமும் போகக் கூடாது. அப்படி ஒரு பதில். நன்றாகவே வந்திருந்தது.

செம்பட்டியில் பழைய கூட்டாளி ஒருத்தி பத்திரிகையைப் பிரித்துத் தன் மருமகளிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள். மருமகள் கடகடவென்று வாசித்தாள். அண்ணன், ஓரகத்தி, மகன்கள், மருமகன்கள். நான் உட்கார்ந்திருந்தேன். வாசித்து முடித்தாள்.

"மாப்பிள்ளைக்குக் கவர்மென்ட் வேலையா?" என்றாள் கூட்டாளி.

"இல்ல, மில்லு ஆபீசுல."

"மண்டபம் பெருசு போலிருக்கே. சாப்பாடு யாரு சமைக்கிறா?"

சொன்னேன். இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அவள் பத்திரிகையை மடித்து ரேடியோ மேல் வைத்துவிட்டு, மழை இல்லாததைப் பற்றிப் பேசத் தொடங்கினாள்.

மார்க்கெட்டிலும் அப்படித்தான். கமிஷன் கடைக்காரர் பிள்ளையாரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கல்லாவில் போட்டார். சம்பந்தம் சொன்ன அம்மாள் அட்டை அழகாக இருக்கிறது என்றார். ஒவ்வொரு இடத்திலும் கொடுத்த உடனே கிளம்பாமல் செத்த நேரம் நின்றேன். அவர்கள் கண் கீழ்வரி வரைக்கும் போகிறதா என்று பார்த்தேன். போனது சிலருக்கு. தேதியைத் திரும்பப் பார்க்க மேலே வந்துவிட்டது.

பை காலியானது. ஒருவர்கூடக் கேட்கவில்லை.